விழாத பல்

அத்தியாயம் நான்கு

"பேசும்போது கண்ணப் பாத்துப் பேசுங்கம்மா. ஏன் என் வாயையே பாக்குறீங்க?" என்று ஈப்போ வக்கீல் ஒருவர் ஒருமுறை பாஞ்சாலையிடம் கேட்டார்.

துப்பறிவதுதான் பாஞ்சாலையின் தொழில். ஆனால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தால் அவளுக்குப் பேச்சு நின்றுவிடும். வாய் அப்படியில்லை. வாய் யாரையும் திருப்பிப் பார்க்காது. அந்த வக்கீலின் கீழ்ப்பல்லில் ஒட்டியிருந்த ஒரு துளி நீல மையைத்தான் அவள் அப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளக் கையெழுத்துப் போட்டபோது அவர் கடித்த பேனாவிலிருந்து வந்த மை அது. அவள் அதைக் கண்டுகொண்டது வக்கீலுக்கு அடுத்த வாரம்தான் தெரிய வந்தது.

மலைமேல் தானா ராத்தா ஊரில் தையல்கடை மாடியில் பாஞ்சாலைக்கு ஓர் அறை இருந்தது. கதவில் பெயர்ப்பலகை இல்லை. பலகை மாட்டினால் ஆட்கள் வந்துவிடுவார்களே என்ற பயம். உதவியாளன் காளியண்ணனுக்கு அந்தப் பயம் இல்லை. அவன் டாக்சி ஓட்டுகிறவன். ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் "பொருளு ஏதாச்சும் காணாமப் போயிருக்கா?" என்று விசாரித்து ஆள் பிடித்து வருவான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவன் பிடித்து வந்தது செல்லத்தை. டாக்டர் வேலப்பனின் பல் கிளினிக்கில் இரண்டு வருடமாக உதவிக்கு இருக்கும் பெண். வயது இருபது. வெள்ளைப்பாறை தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்துப் பெண். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தீப்பெட்டியையும் மடித்த கைக்குட்டையையும் மேசைமேல் வைத்தாள். இரண்டிலும் கிளினிக்கிலிருந்து எடுத்து வந்த பற்கள் இருந்தன.

அவள் சொன்னதன் சுருக்கம் இது. நரம்பு செத்துப்போன பல்லின் உள்ளே டாக்டர் குடைந்து சுத்தம் செய்வார். அந்தக் குழியில் ஒரு மெல்லிய கம்பியைப் பசை போட்டு இறக்குவார். கம்பியின் தலையில் புதுப் பல் உட்கார்ந்திருக்கும். டாக்டர் கம்பியைப் பிடித்துக்கொள்ள, பசையைக் கலக்கித் தருவது செல்லத்தின் வேலை. மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் பழைய சிமெண்டுப் பொடியை விட்டுவிட்டு ஜப்பானிலிருந்து வந்த புதுப் பசைக்கு மாறினார். இரண்டு டியூப்; சரிக்குச் சரி பிதுக்கிக் கலக்க வேண்டும். கம்பியைப் பல்லோடு ஒன்றாக்கிவிடும் என்றார்கள். ஆனால் இதுவரை இரண்டு பேருடைய பல் விழுந்துவிட்டது.

முதலில் விழுந்தது ருக்குமணியின் பல். கொழுந்து பறிக்கிறவள், கூடைக் கயிற்றைப் பல்லால் கடித்து இறுக்கினாள். கயிறு இறுகியது, பல் கயிற்றோடு வந்தது. அவள் சாது. தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து டாக்டரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

இரண்டாவது ஆள் சாது இல்லை. வெள்ளைப்பாறை தோட்டத்து டீமேக்கர் சிவசாமி. போன புதன்கிழமை ஃபேக்டரியில் புது துரை முன்னால் நின்று டீ ருசி பார்த்திருக்கிறார். கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, எச்சில் சட்டியில் துப்புவதுதான் முறை. முறைப்படியே துப்பினார். டீயோடு முன்பல்லும் போய்ச் சட்டியில் டங்கென்று விழுந்தது. துரை குனிந்து பார்த்துவிட்டு, இது எந்த ரகம் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாராம்.

சிவசாமி நேராகக் கிளினிக்குக்கு வந்து குதித்தார். டாக்டர் செல்லத்தின் பக்கம் கையைக் காட்டினார். "பசைய கலக்குனது அவ."

"நான் சரியாத்தான் கலக்குனேன்கா," என்றாள் செல்லம்.

வேலை போனால் வேறு வேலை தேடலாம். செல்லத்தின் கவலை அதுவல்ல. பினாங்கில் பல் நர்ஸ் படிப்புக்கு அவள் மனு எழுதியிருந்தாள். டாக்டர் நற்சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மனு செல்லும். மனு அவர் மேசை டிராயரில் கிடந்தது. திங்கட்கிழமைக்குள் பினாங்கில் இருக்க வேண்டும். அப்படியென்றால் இன்று பகல் ஒரு மணி ஈப்போ பஸ்ஸில் போகும் தபால் மூட்டையில் ஏற வேண்டும். பசை கலக்கத் தெரியாதவளுக்குக் கையெழுத்துப் போட்டால் பினாங்குக்காரன் சிரிப்பான் என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார்.

பாஞ்சாலை தீப்பெட்டியைத் திறந்தாள். கம்பியும் பல்லும் சேர்ந்து, பொம்மைக்குச் செய்த குடை மாதிரி இருந்தது. கம்பியில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் அழுத்தினாள். நகம் பதிந்தது. பிறகு அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

காளியண்ணன் முகத்தைச் சுளித்தான். "அக்கா, அது ருக்குமணிம்மா வாயிக்குள்ள இருந்தது."

பாஞ்சாலை கைக்குட்டையில் இருந்ததையும் முகர்ந்தாள். "இது எச்சி சட்டியில இருந்தது," என்று அவனே சேர்த்துக்கொண்டான்.

அவள் இரண்டையும் அவன் பக்கம் நீட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகர முடியாது என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் முகர்ந்தான். கிராம்பு வாசம்.

"கிராம்பு," என்றான். "அப்ப ஆளு கெடச்சிட்டாரு."

*

காளியண்ணனின் கணக்கு நேரானது. வெள்ளைப்பாறை தோட்டத்தில் யாருக்குப் பல் வலித்தாலும் முதலில் போவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் இராமையாவிடம். பஞ்சில் கிராம்பெண்ணெய் தொட்டுப் பல்லில் வைத்து அனுப்புவார். டாக்டர் வேலப்பன் கிளினிக் திறந்த பிறகு டிரஸ்ஸரிடம் வாய் திறக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். அந்த எரிச்சலில் டாக்டரிடம் போனவர்களுக்குக் கிராம்பெண்ணெய் ஊற்றிப் பசையைக் கெடுத்துவிட்டார்.

"கத முடிஞ்சிச்சுலா," என்றான், டாக்சியை வளைவில் திருப்பிக்கொண்டே. "ஒம்பதரைக்குள்ள புடிச்சிட்டா எனக்கு பத்து மணி சவாரி ஒண்ணு இருக்கு."

இராமையா ஆஸ்பத்திரி வராந்தாவில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பாஞ்சாலை அவருடைய வாயைப் பார்த்தாள். அதில் சந்தேகப்பட எதுவும் இல்லை, ஏனென்றால் பற்களே மூன்றுதான் இருந்தன. கேள்விகளைக் காளியண்ணன் கேட்டான். ருக்குமணிக்கோ டீமேக்கருக்கோ சமீபத்தில் கிராம்பெண்ணெய் கொடுத்தாரா?

இராமையா எழுந்து உள்ளே போய் ஒரு பழுப்புச் சீசாவைக் கொண்டுவந்து காளியண்ணன் கையில் வைத்தார். காலி. அடியில் ஒரு செத்த ஈ கிடந்தது.

தீபாவளியிலிருந்து நாலு மாதமாகச் சீசா காலியாம். ஆபீசுக்கு மூன்று தடவை எழுதிக் கேட்டிருக்கிறார். இரண்டு தடவை இருமல் மருந்தும் ஒரு தடவை சுண்ணாம்பும் வந்ததாம். பல்வலி என்று வருகிறவர்களுக்கு இப்போது வெறும் உப்புத் தண்ணீர்தான்.

"அந்த லோரிக்காரனுக்கும் அதத்தான் குடுத்தேன்," என்றார். "பல்லுல பொந்து வச்சிக்கிட்டு வந்தான். டாக்டரு அடச்ச மருந்து உழுந்துருச்சாம். கொப்புளிச்சிட்டு டாக்டர்கிட்டயே போடான்னு தொரத்திட்டேன்."

பாஞ்சாலை முதல்முறையாக வாய் திறந்தாள். "எந்த லோரிக்காரரு?"

மாடசாமி. கியா பார்மிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்குகிறவன். டாக்டரிடம் புதுப் பசையில் கம்பிப் பல் வைத்துக்கொண்ட மூன்றாவது ஆள். புகார் சொன்னவர்களை மட்டுமே செல்லம் சொன்னாள். மாடசாமி புகார் சொல்லவில்லை. அவன் பல் இன்னும் விழவில்லை என்று இராமையா சொன்னார்.

டாக்சிக்குத் திரும்பும்போது காளியண்ணனுக்கு வருத்தம். கையில் வந்த குற்றவாளி செத்த ஈயாகிவிட்டான். பத்து மணிச் சவாரியும் போய்விட்டது.

"விழுந்த பல்ல விசாரிச்சா ஒரு நியாயம் இருக்குக்கா. நல்லா இருக்கற பல்லுகிட்ட போயி என்னா கேக்கறது? நீ ஏன் உழலன்னா?"

"அதத்தான் கேக்கணும்," என்றாள் பாஞ்சாலை.

*

கியா பார்மில் மாடசாமியின் லோரி பாதி நிறைந்திருந்தது. அவன் கூடைகளுக்கு நடுவில் நின்று முட்டைக்கோஸை அடுக்கிக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. சிரிப்பின் நடுவில் டாக்டர் வேலப்பன் வைத்த பல் மற்ற பற்களைவிட வெள்ளையாக இருந்தது. பாஞ்சாலைக்கு அந்த வாய் வசதியாக இருந்தது. மூடவே மூடாத வாய்.

பல் கெட்டியாக இருக்கிறதா என்று காளியண்ணன் கேட்டான். மாடசாமி பதில் சொல்லாமல் ஒரு கோஸை எடுத்து, கையால் பிளந்து, அடித்தண்டை முன்பல்லால் கடித்து முறித்தான். கீழே நின்ற காளியண்ணனின் பல் கூசியது. அவன் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு மாடசாமி தன் கதையைச் சொன்னான். கதையில் அவன் எங்கும் நல்ல பிள்ளை இல்லை. முதல் நாள் டாக்டர் பல்லைக் குடைந்து சுத்தம் செய்து, ஒரு வெள்ளை மருந்தால் ஓட்டையை அடைத்து, கம்பி வைக்க அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். இரண்டு நாளைக்குக் கடிக்கக் கூடாது என்றும் சொன்னார். மாடசாமி ரிங்லெட் தாண்டுவதற்குள் பட்டாணி கடித்தான். மருந்து மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு லோரியை ஓட்டினான். சொன்ன வெள்ளிக்கிழமைக்கும் போகவில்லை. டிரஸ்ஸர் துரத்திய பிறகுதான், பதினைந்து நாள் கழித்துப் போனான். அதுவரை ஓட்டையில் உப்புத் தண்ணீர் மட்டும்.

"டாக்டரு திட்டுனாரு பாருங்க, எங்கப்பன்கூட அப்படித் திட்டுனதில்ல. பக்கத்துல ருக்குமணிக்காவ ஒக்கார வச்சிக்கிட்டு, இந்தம்மாவப் பாரு, சொன்ன நாளுக்கு வந்திருக்கு, அடச்ச மருந்து அடச்சபடியே இருக்குன்னு. மானமே போச்சு."

பாஞ்சாலை நிமிர்ந்தாள். "ருக்குமணிக்கும் ஒங்களுக்கும் ஒரே நாளா?"

ஒரே நாள்தான். முதலில் ருக்குமணி, அடுத்து மாடசாமி. இருவருக்கும் அதே டியூபிலிருந்து, அதே கண்ணாடித் தட்டில், அதே செல்லம்தான் கலக்கினாள். சொன்ன பேச்சைக் கேட்ட ருக்குமணியின் பல் ஒரு மாதத்தில் விழுந்தது. ஒரு பேச்சும் கேட்காத மாடசாமி கோஸ் தண்டு தின்றுகொண்டிருக்கிறான்.

"அப்ப சொன்னபடி கேட்டாத்தான் பல்லு உழும்," என்றான் காளியண்ணன். "இது என் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது."

பாஞ்சாலைக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வி இருந்தது. அதை மாடசாமியின் பல்லைப் பார்த்தே கேட்டாள். துப்பிய அந்த வெள்ளை மருந்து என்ன ருசியாக இருந்தது?

மாடசாமி யோசித்தான். "ருசி தெரியல. வாசம்தான். அன்னைக்குப் பூராவும் வெறும் தண்ணி குடிச்சாலும் பிரியாணி குடிச்ச மாதிரியே இருந்திச்சி."

பாஞ்சாலை கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. டாக்சியில் ஏறும்போது அவள் லேசாகச் சிரித்தாள். காளியண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அவள் சிரித்தால் யாருக்கோ கஷ்டகாலம்.

*

டாக்டர் வேலப்பனின் கிளினிக் ஒரு கோப்பிக் கடையின் மாடியில் இருந்தது. பாஞ்சாலை முதலில் கடைக்குள் போய் நான்கு டீக்கரண்டி கடன் கேட்டாள். எதற்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, கலக்குவதற்கு என்று காளியண்ணன் சொன்னான்.

மேலே டீமேக்கர் சிவசாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார். இரண்டு கன்னத்திலும் பஞ்சு. வாய் ஆவென்று திறந்திருந்தது. இரண்டு மணிக்கு மறுபடியும் துரையின் முன்னால் டீ உறிஞ்ச வேண்டும். அதற்குள் புதிதாகச் செய்த பல் நின்றாக வேண்டும். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தைந்து, மடிப்புக் கலையாத சட்டை. அவரிடம் பல் காட்டி நன்றாகிப் போனவர்கள் மலை முழுக்க இருந்தார்கள் என்பதால் அவரை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. செல்லம் மூலையில் நின்று பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள்.

வந்த விஷயத்தைக் காளியண்ணன் சொன்னான். டாக்டர் கோபப்படவில்லை. முப்பது வருடமாகப் பல் பார்க்கிறேன், பல்லுக்குத் துப்பறிகிறவர்களை இன்றுதான் பார்க்கிறேன் என்றார். பிறகு செல்லத்தைப் பார்த்து, பசையைச் சரியாகக் கலக்கியிருந்தால் அது கல்லாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றார்.

பாஞ்சாலை அவருடைய சட்டைப் பொத்தானிடம் பேசினாள். "அப்ப நீங்களே கலக்கிக் காட்டுங்க டாக்டர். செல்லம் தொட வேண்டாம்."

இதில் மறுக்க ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டு டியூபிலிருந்தும் சரிக்குச் சரி பிதுக்கி, கண்ணாடித் தட்டில் அழகாகக் குழைத்தார். நாற்காலியிலிருந்து சிவசாமி கண்ணைச் சாய்த்துப் பார்த்தார். தலையைத் திருப்ப அவருக்கு உரிமை இல்லை.

பாஞ்சாலை இரண்டு கரண்டிகளை எடுத்து, ஒன்றின் குழியில் பசையைத் தடவி, இன்னொன்றை அதன்மேல் அழுத்தி வைத்தாள். அடுத்த ஜோடியை எடுப்பதற்குமுன், அலமாரியில் டாக்டரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்த வெள்ளை மருந்து ஜாடியைத் திறந்தாள். தற்காலிகமாக ஓட்டை அடைக்கும் மருந்து. அறை முழுக்கக் கிராம்பு மணத்தது. ஒரு குச்சியில் துளி எடுத்து மூன்றாவது கரண்டியின் குழியில் தேய்த்து, உடனே பஞ்சால் துடைத்துவிட்டாள். பார்த்தால் கரண்டி சுத்தமாக இருந்தது. அதன்மேல் அதே பசை. அதன்மேல் நான்காவது கரண்டி.

பத்து நிமிடம் எல்லாரும் கரண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மட்டும் ஜாடியையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர். ஆறாவது நிமிடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்தாவது நிமிடத்தில் பாஞ்சாலை முதல் ஜோடியைக் காளியண்ணனிடம் கொடுத்தாள். அவன் இழுத்தான். முறுக்கினான். ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தான். கரண்டிகள் ஒன்றாகிவிட்டிருந்தன. இரண்டாவது ஜோடியைக் கொடுத்தாள். தொட்டதும் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து தரையில் விழுந்தது. நடுவில் பசை பாதி இறுகிய அல்வா மாதிரி இழுபட்டது.

நாற்காலியிலிருந்து சிவசாமி பஞ்சு வாயோடு ஏதோ சொன்னார். ஓர் எழுத்தும் புரியவில்லை, ஆனால் திட்டு என்று எல்லாருக்கும் தெரிந்தது. யாரைத் திட்டுகிறார் என்பதும் தெரிந்தது. போன புதன்கிழமை செல்லத்தைப் பார்த்த அவருடைய கண் இப்போது டாக்டரைப் பார்த்தது.

"டிரஸ்ஸர் குடுத்த கிராம்பு இல்ல," என்றாள் பாஞ்சாலை. இதைச் சொல்லும்போது அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "பல்லுக்குள்ள ஒரு வாரம் இந்த மருந்து ஊறிக் கெடந்திருக்கு. பழைய சிமெண்டுக்கு அதனால ஒண்ணும் ஆகல. புதுப் பசை அது பட்ட எடத்துல காயாது. மாடசாமி அத துப்பிட்டு, பதினஞ்சு நாள் உப்புத் தண்ணி கொப்புளிச்சாரு. அவரு பல்லு நிக்குது."

செல்லம் பஞ்சு உருட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

காளியண்ணன் ஒட்டிய கரண்டிகளைத் தூக்கிப் பார்த்தான். "நாலு கரண்டி வாங்கிட்டு வந்தோம். கடக்காரருகிட்ட மூணா எப்படிக்கா திருப்பிக் குடுக்கறது?"

டாக்டர் எழுந்து, பசை வந்த அட்டைப்பெட்டியை எடுத்தார். அதன் அடியில், மூன்று மாதமாக யாரும் பிரிக்காமல், நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார். ஜப்பான் எழுத்தைத் தாண்டி, இங்கிலீஷ் பக்கத்துக்கு வந்து, விரலால் வரி வரியாகக் கீழே இறங்கினார். கிராம்பெண்ணெய் மருந்து பட்ட பல்லில் இந்தப் பசையைப் போடக் கூடாது என்ற வரியில் விரல் நின்றது. அங்கேயே வெகுநேரம் நின்றது.

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. கீழே பஸ் ஸ்டாண்டில் ஈப்போ பஸ்ஸுக்கு மூட்டை ஏற்றும் சத்தம் கேட்டது. செல்லம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் மேசையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வாய்விட்டுக் கேட்க அவளால் முடியாது என்பது பாஞ்சாலைக்குத் தெரிந்தது. கேட்க முடியாதவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். செல்லத்துக்காகத் தானே கேட்கலாம் என்று வாயெடுத்தாள். நிமிர்ந்தபோது டாக்டரின் கண் நேராக அவள் கண்ணில் பட்டது. கேட்காமலே பார்வையை அவருடைய சட்டைப் பொத்தானுக்கு இறக்கினாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். மேசைக்குப் போய் டிராயரை இழுத்து மனுவை எடுத்தார். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். இரண்டு வரியில் முடித்துவிடுவார் என்று காளியண்ணன் நினைத்தான். தாளின் முன்பக்கம் நிறைந்தது. திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். உறையில் போட்டு, தபால்தலையை நாக்கால் நனைத்து ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எடுத்துப் பார்த்தார். சந்தேகமாக இருந்தது போலும், மறுபடியும் அழுத்தினார்.

செல்லம் கையை நீட்டினாள். டாக்டர் உறையை அவளிடம் கொடுக்கவில்லை. கண்ணாடித் தட்டையும் இரண்டு டியூபையும் அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். வெள்ளை ஜாடியை எடுத்து ஜன்னலுக்கு அருகே, நாற்காலியிலிருந்து தூரமாக வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கதவோரம் இருந்த குடையை எடுத்தார்.

மணி பன்னிரண்டு ஐம்பது. நாற்காலியில் சிவசாமி இன்னும் வாயைத் திறந்தபடி, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரையும் தாண்டி, உறை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கிப் படியிறங்கிப் போனார்.